ஒன்பதாவது வரியில் ஐஸ்

எங்கள் பல் மருத்துவமனைக்குப் புதிதாக வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு தாள் நிரப்புவோம். அதில் இருபத்திரண்டு வரிகள். சென்ற மாதம் அந்தத் தாளைக் கைக்கணினியில் ஏற்றும் வேலை பவித்ராவுக்கு வந்தது. பல் சுகாதாரப் பணியாளராகச் சேர்ந்து நான்கு மாதமே ஆன பெண், எர்ணாவூர்க்காரி, கண்ணில் பட்ட பிழையைச் சும்மா விடமாட்டாள். ஒன்பதாவது வரியைப் பென்சிலால் வட்டமிட்டு என்னிடம் கொண்டுவந்தாள்.

“அக்கா, இது தப்பான எடத்துல கீது. வெத்தல, பாக்கு, புகையில எல்லாம் பதினேழாவது வரில, பழக்கங்கள்ல வருது. ஐஸ் கடிக்கிறது மட்டும் மேல அறிகுறிகள்ல போய் ஒக்காந்துகினு கீது. கீழ எறக்கிடட்டா?”

வேண்டாம் என்றேன். ஏன் என்று கேட்டாள். நாற்காலியில் ஒருவர் வாயைத் திறந்தபடி காத்திருந்ததால், எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். எழுதத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, அந்த ஒரு வரியைச் சொல்ல என் பதினோரு ஆண்டு வேலையில் பாதியைச் சொல்ல வேண்டும் என்று.

எனக்கு முப்பத்து நான்கு வயது. ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்கிற வயதில்லை. ஆனால் ஸ்கேலர் என்கிற கொக்கி ஊசியைப் பிடித்துப் பல்லில் படிந்த காரையைச் சுரண்டியே என் வலது மணிக்கட்டு தேய்ந்துபோயிற்று. இனி அந்த வேலை ஆகாது என்று எலும்பு மருத்துவர் சொல்லிவிட்டார். இந்த மாதக் கடைசியோடு நாற்காலிப் பக்கம் எனக்கு வேலை இல்லை. பயிற்சி வகுப்பு எடுக்கப் போகிறேன். இதில் துக்கப்பட ஒன்றுமில்லை. மணிக்கட்டு தேய்வதற்குள் சில வெற்றிகளைப் பார்த்துவிட்டேன். அவற்றில் பெரியது ஒன்பதாவது வரியில் இருக்கிறது.

இரண்டு ஆண்டுப் படிப்பை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். பல்லைச் சுத்தம் செய்யக் கற்றேன். ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்தேன். வைட்டமின் சி குறைந்தால் ஈறு வீங்கி இரத்தம் கசியும். பி வகைகள் குறைந்தால் நாக்கு புண்ணாகும், உதட்டோரம் வெடிக்கும். டி-யும் கால்சியமும் குழந்தைப் பருவத்தில் குறைந்தால் பல்லின் கட்டுமானம் பலமில்லாமல் போகும். இரும்புச்சத்து குறைந்தால் வாய்க்குள் எல்லாம் வெளிறும். தேர்வில் இதற்கு எனக்கு முழு மதிப்பெண்.

வேலைக்கு வந்த பிறகுதான், வாய்கள் அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு வருவதில்லை என்று தெரிந்தது. முதல் ஆண்டிலேயே அத்திப்பட்டிலிருந்து ஒரு தாய் தன் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழந்தையின் முன்பற்கள் எல்லாம் கறுப்பு. அனல்மின் நிலையச் சாம்பல்தான் பல்லில் ஏறிவிட்டது என்று தெருவே சொன்னதாம். ஒரு வாரமாகச் செங்கல் பொடியால் தேய்த்து ஈறு கிழிந்திருந்தது. விசாரித்தால், குழந்தைக்கு இரத்தம் குறைவு என்று கொடுத்த இரும்புச்சத்துச் சொட்டு மருந்து. அது பல்லின் மேல் படிந்து கறுக்கும். சுத்தம் செய்தால் போய்விடும். பத்து நிமிடத்தில் துடைத்துவிட்டேன். சொட்டு மருந்தை நிறுத்தவும் வேண்டாம், நாக்கின் பின்பக்கம் விட்டு உடனே தண்ணீர் கொடுத்தால் போதும் என்றேன். அந்தத் தாய் வீடு போகும் வரை அழுதிருப்பார். நல்ல அழுகை.

இன்னொருவர் மாதவரத்து லாரி ஓட்டுநர். ஈறெல்லாம் பஞ்சாக வீங்கியிருந்தது. பெரும்பாலான ஈறுகள் வீங்குவதற்குக் காரணம் அழுக்குதான், அதனால் இரண்டு முறை சுத்தம் செய்து அனுப்பினேன். வீக்கம் குறையவில்லை. அவர் மாதக்கணக்கில் பரோட்டாவும் டீயும் தவிர வேறெதையும் தொடாதவர் என்பதைக் கண்டுபிடித்தவர் எங்கள் டாக்டர். தினம் இரண்டு கொய்யாப்பழம் என்று எழுதிக் கொடுத்தார். மருந்துச் சீட்டில் கொய்யாப்பழத்தைப் பார்த்துவிட்டு அந்த ஓட்டுநர் எங்களைக் கிண்டலடித்தார். அடுத்த மாதம் ஒரு கூடைக் கொய்யாவோடு வந்து நின்றார்.

டாக்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெயர் ஜெயசீலி. அப்போது நாற்பதைத் தாண்டியிருந்தார். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் பருப்பும் மிளகாயும் மொத்த வியாபாரம் செய்யும் குடும்பம். பள்ளி விடுமுறையில் அவருக்குக் கிடங்கில் மூட்டை சரிபார்க்கும் வேலை கொடுப்பார்களாம். முன்வரிசையிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோலவே தெரியும், பின்சுவரிலிருந்து பார்த்து வந்தால்தான் ஓட்டை மூட்டை அகப்படும் என்பார். நோயாளிகளையும் அப்படியேதான் விசாரித்தார்.

என்ன சாப்பிடுகிறீர்கள் என்று அவர் யாரையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்படிக் கேட்டால் கீரை, பழம், பால் என்று எல்லோரும் பாடப்புத்தகத்தைச் சொல்வார்கள் என்பார். நேற்று படுக்கும் முன் கடைசியாக வாய்க்குள் போனது என்ன என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. பதில் வந்ததும், “அதுக்கு முன்ன?” பிறகு மறுபடியும், “அதுக்கு முன்ன?” இப்படியே பின்னோக்கி நேற்று காலை கண்விழித்த நேரம் வரை போவார். நடுவில் நல்லது கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்லமாட்டார். தலையைக்கூட ஆட்டமாட்டார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது “எப்பவும்” என்று ஆரம்பித்தால் மட்டும் கையை உயர்த்துவார். எப்பவும் வேண்டாம், நேற்று மட்டும் போதும். பின்னாலிருந்து சொல்லும்போது அழகாக்கிச் சொல்ல யாருக்கும் வராது. எழுதுவது என் வேலை. ஒரு வரிக்கு ஒரு பொருள்; தண்ணீருக்கும் தனி வரி. என் பட்டியல்களைப் பார்த்து, “பிள்ளே, கிடங்கு நோட்டு தோத்துது” என்று அவர் ஒருமுறை சொன்னார். அதை நான் இன்றுவரை பாராட்டாகவே வைத்திருக்கிறேன்.

எனக்கென்று ஒரு வழிமுறையும் இருந்தது. பல் தேய்க்கும் விதத்தைச் சொல்லாதீர்கள், செய்து காட்டுங்கள் என்று எல்லோர் கையிலும் ஒரு பிரஷைக் கொடுத்துவிடுவேன். சொல்வதற்கும் செய்வதற்கும் எவ்வளவு தூரம் என்பது அப்போதுதான் தெரியும். இது எல்லாப் பல் சுகாதாரப் பணியாளர்களும் செய்வதுதான். ஆனால் பிரஷுக்கு மட்டும்தான் செய்வோம்.

கன்னியம்மா அக்கா முதல்முறை வந்தது ஆறு ஆண்டுகளுக்கு முன். அப்போது அவருக்கு நாற்பத்தொரு வயது. விடிவதற்குள் காசிமேடு துறைமுகத்தில் ஏலத்தில் மீன் எடுத்து, திருவொற்றியூரில் மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்பவர். இடது கீழ்க் கடைவாய்ப் பல் பிளந்திருந்தது. எதைக் கடித்தீர்கள் என்று கேட்டேன். ஐஸ் என்றார். நாள் முழுக்க ஐஸில் கை வைத்திருக்கிறவர், வாயில் இரண்டு துண்டு போட்டால் என்ன என்று சிரித்தார். தாளில் ‘பழக்கங்கள்’ வரியில் வெற்றிலைக்குப் பக்கத்தில் ‘ஐஸ்’ என்று எழுதினேன். பகுதிநேர டாக்டர் ஒருவர் பல்லை அடைத்ததும், ஐஸ் கடிக்கக்கூடாது என்று நான் எல்லோருக்கும் சொல்லும் உரையைச் சொன்னேன்.

இரண்டு மாதத்தில் மறுபடி வந்தார். அடைத்தது பெயர்ந்திருந்தது, வலது பக்கமும் ஒரு பல் பிளந்திருந்தது. அன்று கூட்டம். பின்னோக்கிக் கேட்கும் விசாரணையைச் செய்யாமல் விட்டுவிட்டு, உரையை மட்டும் இன்னும் கொஞ்சம் கடுமையாகச் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். வெளியே போகும்போதே மடியிலிருந்த பிளாஸ்டிக் டப்பாவைத் திறந்து ஒரு துண்டு ஐஸை வாயில் போட்டதைப் பார்த்தேன். திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது முறை அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை. மூச்சு வாங்கியது. பன்னிரண்டே படி ஏறி வந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கையில் வேறொரு மருத்துவமனையின் சீட்டு.

“இன்னாமா, பல்லு தேய்க்கிற பொண்ணு, உங்க டாக்டரம்மாவ கூப்டு. எனிக்கு எல்லாத்தையும் புடுங்கிடணும். வெள்ளிக்கெயம வேற எடத்துல தேதி குட்துட்டாங்கோ. நீங்க புடுங்குறீங்களா, இல்ல நான் அங்கியே போவட்டா?”

எல்லாவற்றையும் என்றால் எல்லாவற்றையும். இருபத்தொன்பது பல். அவருடைய கணக்கு தெளிவாக இருந்தது. நாக்கு எரிகிறது. உடைந்த பல் நாக்கை உரசுகிறது. பல்லே இல்லாவிட்டால் எது உரசும்? நாத்தனார் ஒருத்தி மொத்தமாக எடுத்துவிட்டுப் பல்செட் போட்டுக்கொண்டு முறுக்கே கடிக்கிறாளாம். ஐந்து மாதமாகத் தான் வைத்த மீன் குழம்பைத் தானே வாயில் வைக்க முடியவில்லை; கஞ்சியைக் கரைத்துக் குடித்துக்கொண்டிருக்கிறார். கடைசியில் அவர் சொன்னதுதான் விஷயம்.

“நான் சத்தம் குட்தாதான் மீனு போவும். வாயத் தொறந்தா எரிது. தொறக்காங்காட்டி மீனு நாறுது. பக்கத்துல ஒக்காந்துகினு கீறா ஒருத்தி, என் கிராக்கிய எல்லாம் அவதான் இட்டுகினு போறா.”

டாக்டர் வந்தார். பல்லை அவர் முதலில் பார்க்கவில்லை. கீழ் இமையை விரலால் இறக்கிப் பார்த்தார். நகங்களைப் பார்த்தார். உதட்டின் இரண்டு ஓரங்களிலும் இருந்த வெடிப்பைப் பார்த்தார். பிறகு நாக்கை நீட்டச் சொன்னார்.

“பிள்ளே, இங்க வா.”

போனேன். நல்ல நாக்கின் மேல் பொடிப்பொடியாக மொட்டுகள் இருக்கும். வெல்வெட் துணிபோல இருக்கும். இது மெழுகு தடவியதுபோல வழவழவென்று, வெளிறி, பளபளத்தது. அட்டவணையில் நான் முழு மதிப்பெண் வாங்கிய நாக்கு. முந்தைய இரண்டு முறையும் அதைக் கண்ணாடியால் ஒதுக்கிவிட்டுத்தான் பின்னாலிருந்த பல்லைப் பார்த்திருந்தேன்.

டாக்டர் அவரிடம் ஐஸ் கடிப்பது எத்தனை நாளாக என்று கேட்டார். ஒன்றரை, இரண்டு வருடமாக இருக்கும் என்றார் அக்கா. முன்பெல்லாம் ஐஸில் கை வைக்கவே பிடிக்காதாம்; இப்போது மத்தியானம் வீட்டில் இருக்கும்போதுகூட அதே நினைப்பாம். மீனுக்குப் போட வைத்திருக்கும் ஐஸ் என்று தெரிந்தும், கழுவிக் கழுவித் தின்கிறாராம்.

“இருபது வருசமா ஐஸ் பக்கத்துலயே இருக்கீங்க. கடிக்கணும்னு தோணுறது ரெண்டு வருசமாத்தான்” என்றார் டாக்டர். பிறகு என் பக்கம் திரும்பி, ஐஸை எங்கே எழுதியிருக்கிறாய் என்று கேட்டார். பழக்கங்களில் என்றேன். “ம்” என்றார். அவ்வளவுதான். அந்த ‘ம்’ எனக்கு அந்த ஆண்டின் மிக நீளமான திட்டு.

இரும்புச்சத்து மிகவும் குறையும்போது சிலருக்குச் சாதாரணமாக யாரும் தின்னாத பொருள்கள்மேல் அடக்க முடியாத ஆசை வரும். சாம்பல், பல்பம், பச்சரிசி, மண். சிலருக்கு ஐஸ். இவருக்கு ஐஸ் வந்தது. ஐஸ் நடுவிலேயே வேலை என்பதால் அது யார் கண்ணிலும் படவில்லை. மீன்காரம்மா ஐஸ் தின்கிறார் என்றால் யாருக்கு என்ன ஆச்சரியம்? ஐஸ் பல்லை உடைத்தது. இரத்தக் குறைவு நாக்கை எரித்தது. உடைந்த பல் அந்த நாக்கில் உரசியது. மூன்றையும் அனுபவித்த அக்கா பழியைப் பல்லின் மேல் போட்டுவிட்டார்.

அன்றே எடுத்த இரத்தத்தின் பரிசோதனை முடிவு புதன்கிழமை வந்தது; அக்காவும் வந்திருந்தார். ஹீமோகுளோபின் ஏழரை; பன்னிரண்டாவது இருக்க வேண்டும். அந்த அளவில் இருபத்தொன்பது பல்லைப் பிடுங்கினால் புண் ஆறுவதே பெரும்பாடு. பிடுங்கினாலும் நாக்கு எரிவது நிற்காது. வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே நாள். இதைச் சொல்லி, இரும்புச்சத்து மாத்திரை தருகிறோம் என்று டாக்டர் சொன்னதும் அக்கா இடுப்பிலிருந்து ஒரு சுருக்குப்பையை எடுத்து மேசைமேல் கவிழ்த்தார். காலியான மாத்திரை அட்டைகள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கியது. மூன்று மாதமாக ஒரு நாள் விடாமல் முழுங்குகிறாராம்.

“இத்த துன்னு துன்னு பேஜாரா பூட்ச்சு. இன்னும் அதே மாத்திரையத்தான் குடுப்பீங்கோ. அதுக்கு நான் வெள்ளிக்கெயம அங்கியே போறேன்.”

டாக்டரின் முகம் மாறியது. மூன்று மாதம் மாத்திரை உள்ளே போயும் இரத்தம் ஏறவில்லை என்றால் இரண்டே வழி. ஒன்று, உள்ளே போனது சேரவில்லை. அல்லது சேர்ந்ததைவிட வேகமாக எங்கோ வெளியேறுகிறது. வயிற்றில் புண்ணோ, வேறெதுவுமோ, எங்காவது இரத்தம் வெளியேறுகிறதா என்று கேட்டார்; அக்கா இல்லை என்றார். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பின்னோக்கி விசாரித்தார். நான் எழுதினேன். பதினான்கு வரிகள் வந்தன. கடைசிக்கு முந்தைய வரி, துறைமுகத்தில் டீ. கடைசி வரி, மாத்திரை. டாக்டர் படித்தார். பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றார். அதற்குள் பக்கத்து நாற்காலியில் ஒரு குழந்தை வீறிட்டதால் எழுந்து போனார்.

நானும் அக்காவும் மட்டும். அவர் புடவையை உதறிக்கொண்டு எழுந்தார். வெள்ளிக்கிழமை பிடுங்கிக்கொண்டால் சனிக்கிழமை கடைக்குப் போகலாமா என்பதை மட்டும் சொல்லு என்றார். அவரை இரண்டு நிமிடம் நிறுத்திவைக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. கை தன் பழக்கத்தில் பிரஷ் வைத்திருக்கும் தட்டுக்குப் போயிற்று. அங்கே வாய் கொப்பளிக்கும் காகிதக் கோப்பைதான் இருந்தது. அதை எடுத்துக் கொடுத்தேன்.

“மாத்திரை எப்படிப் போடுவீங்கன்னு செஞ்சு காட்டுங்கக்கா.”

“பல்லு தேய்க்கத்தான் சொல்லிக் குடுப்பேன்னு பாத்தா, முழுங்கவும் சொல்லிக் குடுப்பியா நீ?”

சொல்லிக்கொண்டே செய்தார். இடது கையில் கோப்பையை வாங்கினார். வலது கையால் முந்தானை முடிச்சை அவிழ்ப்பதுபோலச் செய்தார். இல்லாத மாத்திரையை நாக்கில் வைத்தார். பிறகு அந்தக் காலிக் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோய், இரண்டு முறை ஊதினார்.

“ஏன்க்கா ஊதுறீங்க?”

“சூடா கீதுல்ல?”

“தண்ணியா?”

“அங்க ஏதும்மா தண்ணி? உப்புத் தண்ணியத்தான் புடிக்கணும். டீதான்.”

தாளைப் பார்த்தேன். என் பட்டியலில் டீ ஒரு வரி, மாத்திரை ஒரு வரி. ஒரு வரிக்கு ஒரு பொருள் என்று நான் பெருமையாகப் பிரித்து எழுதியிருந்தேன். அவர் வாயில் இரண்டும் ஒரே மடக்கு.

டீயில் இருக்கும் துவர்ப்பு இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பாலும் தன் பங்குக்குத் தடுக்கும். தொண்ணூறு நாள் ஒரு பெண் தவறாமல் மாத்திரை முழுங்கியிருக்கிறார். அதில் பெரும்பகுதி வந்த வழியே போயிருக்கிறது.

டாக்டரைக் கூப்பிட எழுந்தேன். அப்போது அக்கா என் கையைப் பிடித்தார். வெளியேறுகிறதா என்று டாக்டர் கேட்டாரே, அது வயிற்றில் இல்லை என்றார். குரலை இறக்கி, இரண்டு வருடமாக மாதவிலக்கு மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாள் போகிறது என்றார். கட்டிகட்டியாகப் போகுமாம். இதைப் பல் டாக்டரிடம் எதற்குச் சொல்வது என்று விட்டுவிட்டாராம். சுகாதார நிலையத்தில் கேட்டபோது சுற்றி ஆட்கள் இருந்தார்களாம்.

“வயசாவுதுல்ல, அப்டிதான் போவும்னு எங்கக்கா சொன்னா. நானும் வுட்டுட்டேன்.”

தாளில் டீயையும் மாத்திரையையும் ஒரு கோட்டால் இணைத்துவிட்டு, பதினைந்தாவதாக அதையும் எழுதினேன். இப்போது ஓட்டை மூட்டையும் அகப்பட்டுவிட்டது. டாக்டர் திரும்பி வந்து இரண்டையும் படித்தார். ஜன்னலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு அக்காவின் முன்னால் உட்கார்ந்தார்.

திட்டம் அங்கேயே முடிவானது. அரசு மருத்துவமனையின் மகளிர் பிரிவுக்குக் கடிதம். கூட நான் போவதாக ஏற்பாடு. அதே மாத்திரை, வேறு நேரம். டீக்கும் மாத்திரைக்கும் நடுவில் குறைந்தது இரண்டு மணி நேரம். துறைமுகத்தில் மாத்திரையை எடுக்கவே கூடாது. பதினொரு மணிக்கு விற்பனை தணியும் என்று அவர் சொன்னதால் அந்த நேரம். வைட்டமின் சி இரும்பை உள்ளே சேர்க்க உதவும், எலுமிச்சம்பழம் வாங்க முடியுமா என்று கேட்டேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். மீன்காரியிடம் எலுமிச்சம்பழம் இருக்குமா என்று கேட்கிறாயே, கை நாற்றம் போக எதைத் தேய்க்கிறோம் என்று நினைத்தாய் என்றார். கூர்மையாக இருந்த பல் விளிம்பை டாக்டர் தேய்த்து மழுக்கிவிட்டார்.

“ஆறு வாரம் குடுங்க, கன்னியம்மா. அதுக்கப்புறமும் எரிஞ்சா நானே எல்லாத்தையும் புடுங்குறேன். வேற எங்கயும் போக வேண்டாம்.”

அக்கா அந்த வெள்ளிக்கிழமைச் சீட்டை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் என் வேலையில் கவனமே இல்லை. சனிக்கிழமை காலை மீன் வாங்குவதுபோல மார்க்கெட்டுக்குப் போனேன். வீட்டில் அன்று சனிக்கிழமை விரதம். மீன் வாங்கினால் அம்மா என்னை வெளியே நிறுத்தியிருப்பார். தூரத்திலிருந்தே பார்த்தேன். அக்கா தன் இடத்தில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எதற்கு வந்திருக்கிறேன் என்று புரிந்துவிட்டது. வாயைத் திறந்து காட்டினார். இருபத்தொன்பதும் இருந்தன.

பதினாறாவது நாள். முன்பதிவு இல்லாமல், வரிசையில் நிற்காமல், நேராக உள்ளே வந்தார். கோபமாக இருந்தார்.

“இன்னா மருந்து குட்தீங்கோ எனிக்கு? ஐஸே புடிக்க மாட்டேங்குது. வாய்ல போட்டா பல்லு கூசுது, கலீஜா கீது. நேத்து துப்பிட்டேன். எதுனா ஆயிப் போச்சா எனிக்கு?”

டாக்டர் கையிலிருந்த கருவியைத் தட்டில் வைத்துவிட்டு, முகக்கவசத்தைக் கழற்றிச் சிரித்தார். அவர் சத்தம் போட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். இரத்தத்தின் அளவு ஏறி முடிக்க மாதக்கணக்காகும்; அதற்கு வெகு முன்பே ஐஸ் ஆசை அறுந்துபோகும். உள்ளே இரும்பு சேரத் தொடங்கிவிட்டது என்பதற்கு எந்தப் பரிசோதனைக் கூடமும் தேவைப்படவில்லை. தனக்கு என்னவோ ஆகிவிட்டது என்று புகார் சொல்ல வந்தவரிடம், அது ஆகத்தான் இவ்வளவும் செய்தோம் என்று விளக்கக் கால் மணி நேரம் ஆனது. அவர் நம்பியதுபோலத் தெரியவில்லை.

அவர் போன பிறகு நான் அவருடைய தாளை எடுத்து, பழக்கங்கள் வரியிலிருந்து ஐஸை அடித்தேன். பிறகு நிரப்பாத தாள் ஒன்றில், அறிகுறிகளில், வாயோர வெடிப்புக்கும் நாக்கு எரிச்சலுக்கும் அடுத்ததாக எழுதினேன். ஒன்பதாவது வரி. அதற்குக் கீழே இன்னொரு வரியும் சேர்த்தேன்: மாத்திரை எதோடு, எப்போது, செய்துகாட்டச் சொல்லவும். டாக்டர் படித்துவிட்டு, மறுநாளே அச்சுக்குக் கொடுத்தார். அன்றிலிருந்து இந்த ஆறு ஆண்டில் அந்த ஒன்பதாவது வரியால் நாங்கள் கண்டுபிடித்தவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதிவருகிறேன். ஐஸ் தொழிற்கூடத்தில் வேலை செய்த ஒருவர், ஜூஸ் கடைப் பெண் ஒருத்தி, கல்லூரி மாணவிகள் மூன்று பேர். நோட்டு இன்னும் நிரம்பவில்லை, இனி பவித்ராவுடையது.

ஆறு வாரம் முடிந்தபோது கன்னியம்மா அக்காவின் நாக்கில் மொட்டுகள் திரும்பத் தொடங்கியிருந்தன. முதலில் ஓரங்களில், பிறகு நடுவில். உதட்டோர வெடிப்பு மூடியிருந்தது. மகளிர் பிரிவில் கொடுத்த மருந்தில் இரத்தப்போக்கு கட்டுக்குள் வந்தது. ஒரே ஒரு கடைவாய்ப் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை, அதை எடுத்தோம். இன்னொன்றுக்கு மூடி போட்டோம். இருபத்தெட்டுப் பற்களோடு படி இறங்கும்போது அவர் சுவரைப் பிடிக்கவில்லை.

சென்ற சனிக்கிழமை பவித்ராவை மார்க்கெட்டுக்கு அழைத்துப்போனேன். உள்ளே நுழைவதற்கு முன்பே குரல் கேட்டது. வஞ்சிரம், சங்கரா, நண்டு என்று கூரை அதிரக் கூவிக்கொண்டிருந்தார். பக்கத்துக் கடைப் பெண் காதில் விரல் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்கா கூவுவதை நிறுத்தி, ஆறு ஆண்டுகளாக எனக்கு வைக்கிற வணக்கத்தை வைத்தார்: நடுக்கடையில், நாலு பேர் முன்னிலையில், நாக்கை நீட்டினார்.

பவித்ரா திகைத்தாள். பிறகு அவளுக்குப் புரிந்தது. மீன் கூடைகளைத் தாண்டிப் போய், குனிந்து, நாற்காலியில் பார்ப்பதுபோலவே நிதானமாகப் பார்த்தாள். ஓரம், நடு, நுனி. இளஞ்சிவப்பு, பொடிப்பொடியாக மொட்டுகள், எங்கும் வழவழப்பு இல்லை. அக்கா பொறுமையாக நீட்டியபடி இருந்தார். வாங்க வந்தவர்கள் இரண்டு பேர் என்னமோ ஏதோ என்று நின்று பார்த்தார்கள். கடைசியில் அக்கா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு, ஐஸுக்குள் கையை விட்டு ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிப் பவித்ரா முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

“பாத்தது போதும், பாப்பா. மீனு வாங்குறியா, இல்லியா?”